வாசல் மண்ணும் நோயாளியின் மூச்சும்

மூச்சுக்குழல் நோய்க்குச் சிகிச்சை முடிந்து வீடு திரும்புபவரின் குடும்பத்தார், மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டே எங்களிடம் கேட்கும் கேள்விகளுள் ஒன்று வீட்டு வாசலைப் பற்றியது. “வாசலில் மண்தரை கிடக்கிறது, சிமென்ட் போட்டுவிடலாமா, அல்லது புல் வளர்க்கலாமா?” என்று கேட்கிறார்கள். இராயபுரத்துத் தெருக்களில் அந்த மண்தரை திண்ணைக்கு முன்னே ஒரு கோலம் போடும் அளவே இருக்கும். திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர் பக்கங்களில் வீட்டைச் சுற்றிக் கால் கிரவுண்டு கூட இருக்கக்கூடும். எவ்வளவு இருந்தாலும் எங்கள் முதல் விடை ஒன்றே: அந்த மண்ணை வெற்றாக விடாதீர்கள்.

காரணம் நம் பகுதியின் புழுதியில் இருக்கிறது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கப்பட்ட காலத்தில், இராயபுரத்து மாடிகளில் காயப்போட்ட வெள்ளை வேட்டியில் கரி படிந்ததை முதியவர்கள் இன்றும் நினைவுகூர்வர். உயர்நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 2011ஆம் ஆண்டில் அங்கே நிலக்கரி கையாள்வது நின்றது. அந்தப் பணி எண்ணூர்த் துறைமுகத்துக்குச் சென்றது. எண்ணூரிலோ 1970 முதல் 2017 வரை ஓர் அனல்மின் நிலையம் இயங்கியது. 1994இல் தொடங்கிய வடசென்னை அனல்மின் நிலையம் இன்றும் இயங்குகிறது. இவற்றின் சாம்பலும், கொள்கலன் லாரிகள் கிளப்பும் தூசியும், கடற்காற்று கொண்டுவரும் உப்பும் வந்து இறங்கும் இடங்களுள் உங்கள் வாசலும் ஒன்று. வெற்று மண்ணில் விழுந்த தூசி அங்கேயே கிடப்பதில்லை. துடைப்பம் பட்டாலும், குழந்தை ஓடினாலும், நண்பகலில் கடற்காற்று எழுந்தாலும் மீண்டும் கிளம்பி வீட்டுக்குள் வருகிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். புகைபோக்கியிலிருந்து வரும் மிக நுண்ணிய துகள் தலைமுடியின் தடிப்பில் முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவானது. அதை எந்தப் புல்லும் எந்தச் செடியும் உங்கள் வீட்டுக்கு வெளியே தடுத்து நிறுத்திவிடாது. காற்றைச் சீராக்குவது ஆலைகளின் பொறுப்பு, அரசின் பொறுப்பு. நோயாளி தம் தொட்டிச் செடிகளைக் கொண்டு தீர்த்துக்கொள்ளும் காரியமன்று. தரையில் ஏற்கெனவே விழுந்த தூசி மறுபடி எழாமல் தடுப்பதுதான் வாசலில் நம்மால் இயன்றது. ஆஸ்துமாவும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பும் உள்ளவர்களுக்கு அதுவே பெரிய உதவி.

முழுவதும் சிமென்ட் போடுவதை நாங்கள் விரும்புவதில்லை. வெயிலில் அது கொதிக்கிறது. மழைநீர் மண்ணில் இறங்காமல் தேங்குகிறது. ஆயினும் வாயிற்கதவிலிருந்து வீட்டு வாசற்படிவரை மூன்றடி அகலத்துக்கு ஒரு சமதளப் பாதை கட்டாயம் வேண்டும். நடைச்சட்டம் ஊன்றி நடப்பவருக்கும் சக்கர நாற்காலிக்கும் புல்தரை உதவாது. பக்கவாதத்துக்குப் பின் வீடு திரும்பியவர் தம் வாசலிலேயே தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிவோடு மீண்டும் வருவது எங்களுக்குப் புதிதன்று. பாதையில் வழவழப்பான ஓடு வேண்டாம். சொரசொரப்பான சிமென்ட் பூச்சு போதும்.

எஞ்சிய இடத்துக்கு எங்கள் பரிந்துரை அருகம்புல். நாற்றுப் பண்ணைகளில் சுருட்டி விற்கும் வெளிநாட்டுப் புல்விரிப்பு அழகானதுதான். ஆனால் விலையும் அதிகம், பராமரிப்பும் அதிகம். அருகு வெயிலையும் வறட்சியையும் ஓரளவு உப்பையும் தாங்கும். இந்த உப்புத் தாங்கும் குணம் இங்கே முக்கியம். மீஞ்சூர்ப் பக்கம் 1960களின் பிற்பகுதியிலிருந்தே நிலத்தடியில் கடல்நீர் ஊடுருவியது ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. நம் வீடுகளில் பலவற்றின் ஆழ்துளைக் கிணற்று நீரும் கரிப்பாகவே வருகிறது. அரிசி, காய்கறி கழுவிய நீரைப் புல்லுக்கு ஊற்றலாம்; சோப்பு கலந்த நீர் வேண்டாம்.

ஆவணி மாதம் நடுவதற்கு ஏற்றது. தரையை நனைத்து, கொத்திக் கிளறி, மட்கிய உரம் கலந்து, இரண்டு மூன்று கணுக்கள் உள்ள கொடித்துண்டுகளை அரையடி இடைவெளியில் பதித்தால், ஐப்பசி மழை வலுப்பதற்குள் வேர் பிடித்துவிடும். பிறகு பெய்யும் மழை மண்ணின் உப்பையும் கீழே கழுவி இறக்கும். நிழல் விழும் இடத்தில் அருகு நன்றாக வராது. ஈரமான ஓரங்களில் பொடுதலை தானே படர்ந்து மண்ணை மூடும். களை என்று அதைப் பிடுங்கிவிடாதீர்கள். வேலியோரத்தில் நொச்சி வைக்கலாம். இடமிருந்தால் பூவரசும் புங்கும் உப்புக்காற்றுக்கு அஞ்சாதவை.

அருகம்புல்லில் ஒரு சிக்கலும் உண்டு. அதன் மகரந்தம் ஒவ்வாமையைத் தூண்டக்கூடியது. எனவே விரல்களைப் போல நான்கைந்து கதிர்கள் தலைதூக்குவதற்கு முன்பே இரண்டு அங்குல உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும். வெட்டும் வேலை நோயாளியுடையதன்று. அவர் சன்னலைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கட்டும். வெட்டுபவர் முதலில் நீர் தெளித்துவிட்டுக் கத்தரியால் வெட்டினால் துகள் பறப்பது குறையும். வாசல் தெளித்துப் பிறகு பெருக்குவது நம் பாட்டிமார் விடாத வழக்கம். நுரையீரல் மருத்துவம் இன்று சொல்வதும் அதையேதான். உலர்ந்த தரையில் துடைப்பத்தை வீசாதீர்கள். சேர்ந்த சருகைக் கொளுத்தாதீர்கள். மார்கழி, தை மாதங்களின் விடியலில் புகையும் பனியும் தரையோடு தங்கிநிற்கும். மூச்சு நோயாளிகள் அந்த நேரத்தில் தோட்டத்துக்கு வராமல், வெயில் ஏறியபின் வரலாம்.

பனி படர்ந்த புல்லில் வெறுங்காலோடு நடந்தால் சர்க்கரை குறையும், கண் தெளியும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சர்க்கரை நோயாளிகளிடம் நாங்கள் கண்டிப்பாகச் சொல்வது இது: நடங்கள், ஆனால் காலணியோடு நடங்கள். உணர்ச்சி மரத்த பாதத்தில் நெருஞ்சி முள் தைத்தாலும் கண்ணாடிச் சில்லு கிழித்தாலும் தெரிவதில்லை. மூன்றாம் நாள் சீழ் வடிந்த பிறகே தெரியும். மழைக்காலச் சேற்று மண்ணில் மெலியாய்டோசிஸ் என்னும் கடும் தொற்றை உண்டாக்கும் கிருமி இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளையும் சிறுநீரக நோயாளிகளையும் அது அதிகம் தாக்குகிறது. எலி நடமாடும் தேங்குநீரில் எலிக்காய்ச்சல் கிருமியும் இருக்கக்கூடும். மண்ணில் கைவைக்கும் முன் ரப்பர் கையுறையும் முழுக்காலணியும் அணியுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்தாண்டு கடந்திருந்தால் சொல்லுங்கள். புற்றுநோய்க்கு வேதிச் சிகிச்சை பெறுபவர்களும் உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்களும் மட்குரக் குழியைக் கிளறுவது கூடாது. அதிலிருந்து பறக்கும் பூஞ்சை வித்துகள் அவர்களுடைய நுரையீரலில் வேரூன்றிவிடும்.

கீரை வளர்ப்பது பற்றி அதிகம் கேட்கிறார்கள். அது தனியே யோசிக்க வேண்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது எண்ணெய் கலந்த வெள்ளம் எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய குடியிருப்புகளுக்குள் புகுந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. அத்தகைய வெள்ளம் நின்ற மனைகளிலும், சாம்பல் கொட்டி மேடாக்கிய மனைகளிலும் தரையில் கீரையோ கிழங்கோ பயிரிட வேண்டாம். மண்ணிலுள்ள ஈயம் போன்ற உலோகங்களைக் கீரையும் கிழங்கும் எளிதில் ஏற்கும். இலைக்குள் போய்விட்டதை எத்தனை முறை கழுவினாலும் நீக்க முடியாது. வழக்கமான மண் பரிசோதனை உப்பையும் காரத்தன்மையையும் சத்துகளையும் காட்டுமே தவிர இவற்றைக் காட்டாது. சந்தேகமுள்ள தரையின்மேல் அரையடிக்குக் குறையாமல் புதுச் செம்மண் பரப்பிப் புல் வளருங்கள். கீரையைச் செம்மண்ணும் தேங்காய்நார்க் கழிவும் மட்குரமும் நிரப்பிய பைகளில் மாடியில் வளருங்கள். மண் வாங்கும்போது அது எங்கிருந்து வருகிறது என்று வண்டிக்காரரிடம் கேளுங்கள். கட்டட இடிபாடும் சாம்பலும் கலந்து வருவது உண்டு. சிறுநீரக நோயாளிகள் கீரையை எவ்வளவு உண்ணலாம் என்பதை முதலில் உணவியலாளரிடம் கேட்க வேண்டும். சொந்தத் தோட்டத்துக் கீரை என்பதால் அதிலுள்ள பொட்டாசியம் குறைந்துவிடாது.

தொட்டிகளின் அடித்தட்டில் தேங்கும் நீரை வாரம் ஒருமுறை கொட்டினால் மட்டும் போதாது; தட்டைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை தட்டின் சுவரில் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்.

கடைசியாக, வேலிக்கு எளிது, ஆடு கடிக்காது, பூசைக்குப் பூ கிடைக்கும் என்று பலரும் வைக்கும் அரளி. செவ்வரளியாயினும் மஞ்சளரளியாயினும் இலை, பூ, விதை, வேர் அனைத்தும் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும் நஞ்சு. சிறு குழந்தைகளும், மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெறுபவர்களும், நினைவு தடுமாறும் முதியவர்களும் உள்ள வீட்டில் அந்தச் செடி வேண்டாம். பூசைக்கு நந்தியாவட்டையும் செம்பருத்தியும் இருக்கின்றன. யாரேனும் அரளியைத் தின்றுவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புக் கரைசல் கொடுக்காதீர்கள். 108ஐ அழையுங்கள், தின்றது எது என்று அறிய ஓர் இலையையோ காயையோ கையோடு எடுத்து வாருங்கள். பார்ப்பதற்கு நன்றாக இருக்கிறார் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டாம். துடிப்பு பல மணி நேரம் கழித்தும் தடுமாறலாம்.