வழுக்கும் சாலையும் உருளும் சக்கரமும்

கோடையின் இறுதியில் பெய்யும் முதல் மழையைக் கண்டு உழவர் மகிழ்வர். மோட்டார் ஓட்டுவோரோ எச்சரிக்கை கொள்ளவேண்டும். பல மாதங்களாகச் சாலையில் படிந்த எண்ணெய்த் துளிகளும், டயர்களிலிருந்து தேய்ந்த ரப்பர்த் துகள்களும், புழுதியும் முதல் தூறலோடு கலந்து வழவழப்பான குழம்பாகின்றன. பெருமழை இதனைக் கழுவியபின் அதே சாலையில் பிடிப்பு ஓரளவு மீள்கிறது.

வண்டியைச் செலுத்துவதும் திருப்புவதும் நிறுத்துவதும் டயருக்கும் சாலைக்கும் இடையே உள்ள உராய்வே. உலர்ந்த தார்ச்சாலையில் உராய்வு எண் ஏறத்தாழ 0.7, நனைந்து வழவழத்த சாலையில் அது பாதியாகவும் குறையலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஜீப், பிரேக் பிடித்த இடத்திலிருந்து முன்னதில் சுமார் 20 மீட்டரிலும் பின்னதில் 40 மீட்டரிலும் நிற்கும். வேகத்தைப் பாதியாக்கினால் இத்தொலைவு கால்பங்காகிவிடும்.

வழுக்கலின் இயல்பை வகுப்பறையிலேயே காட்டலாம். பொம்மை மோட்டார் ஒன்றின் முன்சக்கரங்கள் இரண்டையும் சுழலாதவாறு நூலால் கட்டிச் சாய்வான பலகையில் விடுக. அது நேராகவே இறங்கும். பின்பு முன்சக்கரங்களை அவிழ்த்துப் பின்சக்கரங்களைக் கட்டி விடுக. வண்டி சற்றே கோணி, வால் முன்னாகத் திரும்பி இறங்கும். மாணவர் இதனை எளிதில் மறவார். காரணம் இது: உருளும் சக்கரம் பக்கவாட்டில் நழுவுவதை எதிர்க்கும், சுழலாது நின்ற சக்கரத்திற்கு அவ்வாற்றல் இல்லை. எனவே முன்சக்கரங்கள் நின்றுவிட்ட வண்டியில் ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்பினும் பயனில்லை.

அச்சம் காலைப் பிரேக்கின்மீது அழுத்தச் செய்கிறது. பழைய ஜீப்புகளில் அதுவே கேடாகும். காலைத் தளர்த்திச் சக்கரங்களை மீண்டும் உருளவிட வேண்டும். வால் வலப்புறம் நழுவினால் ஸ்டியரிங்கையும் வலப்புறமே திருப்பி, வண்டி நேராகும்போது உடனே மீட்கவேண்டும். தாமதித்தால் அது மறுபுறம் வீசும். இது படித்து மட்டும் வருவதன்று. ஆள் நடமாட்டமற்ற, நனைந்த திறந்த வெளியில், தேர்ந்த ஓட்டுநர் அருகிருக்க, மிகக் குறைந்த வேகத்தில் பலமுறை பழகவேண்டும்.

சக்கரம் நின்றுவிடாமல் காக்கும் மின்னணுக் கருவி 1978-இல் ஜெர்மானியக் கார்களில் வந்தது. இந்தியாவில் 2019 முதல் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. அத்தகைய வண்டியில் நெருக்கடி நேரும்போது பிரேக்கை விடாது அழுத்திக்கொண்டே திருப்புவதுதான் முறை. ஆகவே தம்மிடம் உள்ள வண்டி எவ்வகையது என்பதைப் புறப்படுமுன்பே அறிந்திருத்தல் நலம்.

உருளும் சக்கரமும் பயன்படாத நிலை ஒன்றுண்டு. தேங்கிய நீரை வேகமாகக் கடக்கையில் டயர் சாலையைத் தொடாது நீர்ப்படலத்தின்மேல் மிதக்கிறது. அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் 1963-இல் வெளியிட்ட கணக்கின்படி, சதுர அங்குலத்திற்கு 30 பவுண்டு காற்றழுத்தமுள்ள டயர் மணிக்கு ஏறத்தாழ 90 கிலோமீட்டரில் மிதக்கத் தொடங்கும். அழுத்தம் குறைந்தாலும், டயரின் வரிப்பள்ளங்கள் தேய்ந்தாலும் அவ்வேகம் இன்னும் தாழும். அப்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, டயர் மீண்டும் சாலையைத் தொடும்வரை ஸ்டியரிங்கை அசைக்காது நேராகப் பிடித்திருக்க வேண்டும்.