மூளைக்கு ஒரு பேஸ்மேக்கர்

இதயத்துக்கு பேஸ்மேக்கர் வைப்பதைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மூளைக்கும் அப்படி ஒன்று உண்டு. பார்க்கின்சன் நோயில் வரும் கை நடுக்கம், உடல் விறைப்பு, அசைவில் மந்தம் ஆகியவற்றைக் குறைக்க இது உதவுகிறது. இதன் பெயர் டீப் பிரெய்ன் ஸ்டிமுலேஷன். சுருக்கமாக டிபிஎஸ்.

என்னென்ன பாகங்கள்?

மூளையின் ஆழத்தில் பொருத்தப்படும் மெல்லிய எலெக்ட்ரோடுகள், காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் கழுத்து வழியாக இறங்கும் வயர், மார்பில் பதிக்கப்படும் பேட்டரிப் பெட்டி. அவ்வளவுதான். பெட்டி விநாடிக்குச் சுமார் 130 மின்துடிப்புகளை அனுப்பும். அசைவுகளைக் கட்டுப்படுத்தும் நரம்புப் பாதையில் ஓடும் தவறான சிக்னல்களை இவை அடக்கும்.

அழிப்பதா, அடக்குவதா?

1960-களிலேயே சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர்கள் பி. ராமமூர்த்தி, வி. பாலசுப்பிரமணியம், டி.எஸ். கனகா ஆகியோர் மூளைக்குள் குறிப்பிட்ட புள்ளியை அளந்து சென்றடையும் ஸ்டீரியோடாக்டிக் அறுவை சிகிச்சை செய்துவந்தனர். அந்த முறையில் கோளாறான புள்ளி அழிக்கப்படும். அழித்த இடத்தை மீட்க முடியாது. 1987-ல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் டாக்டர் பெனாபிட், வேகமான மின்துடிப்பு கொடுத்தாலே நடுக்கம் அடங்குவதைப் பயன்படுத்தி டிபிஎஸ் முறைக்கு வழி திறந்தார். இதில் மின்சாரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம்.

ஆபரேஷன் பாதி, செட்டிங்ஸ் பாதி

எங்கள் வள்ளியூரில் பெரியவர் ஒருவர், "ஆபரேஷன் பண்ணுனா மறுநாளே நடுக்கம் நின்னுருமாடே?" என்று என்னிடம் கேட்டார். அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். ஆபரேஷன் என்பது ஹார்டுவேரைப் பொருத்துவது மட்டுமே. எந்த எலெக்ட்ரோடு முனை, எத்தனை வோல்ட், துடிப்பின் நீளம் எவ்வளவு என்பதையெல்லாம் டாக்டர் பிறகு வெளியிலிருந்தே வயர்லெஸ் மூலம் செட் செய்வார். ஒருவருக்குப் பொருந்தும் செட்டிங் இன்னொருவருக்குப் பொருந்தாது. இது சரியாக அமையச் சில மாதங்களும், பலமுறை போய்வருவதும் தேவைப்படும்.

அதனால் செலவைக் கேட்கும்போதே, திரும்பத் திரும்பப் போய்வர முடியுமா என்றும் யோசியுங்கள். எங்கள் பக்கத்தவர்களுக்கு நாகர்கோவில் வழியாகத் திருவனந்தபுரம் போவது எளிது. அங்குள்ள ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் இந்தச் சிகிச்சை செய்கிறார்கள்.

கவனிக்க வேண்டியவை

* லெவோடோபா மாத்திரைக்குக் குறையும் தொந்தரவுகளே பெரும்பாலும் இதற்கும் குறையும். மாத்திரைக்கு அடங்காத நடுக்கம் மட்டும் விதிவிலக்கு.
* நோய் குணமாகாது. மறதிக்கு இது மருந்தல்ல. பேச்சும் தள்ளாட்டமும் சிலருக்கு மோசமாகலாம்.
* மூளையில் ரத்தக்கசிவு, தொற்று போன்ற ஆபத்துகள் குறைவு; ஆனால் உண்டு.
* சாதாரண பேட்டரியை 3 முதல் 5 ஆண்டுகளில் மாற்ற நேரிடும். ரீசார்ஜ் செய்யும் வகை 15 ஆண்டுகள் வரை உழைக்கும்.
* எம்ஆர்ஐ ஸ்கேனுக்கு முன் டிபிஎஸ் இருப்பதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

"யார் ஆபரேஷன் செய்வார்?" என்று கேட்கும்போதே, "பிறகு யார் புரோகிராம் செய்வார்?" என்றும் கேட்டுவிடுங்கள்.