ஓடுகிற பிள்ளையின் மூச்சை எப்படி அளப்பது?

தைப்பொங்கல் கழிந்தால் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டிக் காலம். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு விழுவதற்கு முன்னரே ஊர் வீதிகளில் மரதன் ஓட்டம் நடந்து முடிந்துவிடும். ஓடுகிற பிள்ளைக்காகப் பெற்றோர் சம்மதக் கடிதம் கொடுப்பார்கள். சில இடங்களில் வைத்தியச் சான்றிதழும் கேட்பார்கள். அந்தச் சான்றிதழுக்காக வைத்தியர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்பது கதிரையில் இருக்கிற பிள்ளையின் மூச்சை. ஓடும்போது அந்த மூச்சு எப்படி இருக்கும் என்பதை அது சொல்லாது.

2024 மார்ச்சில் அம்பாறை மாவட்டத்தின் திருக்கோவிலில் பாடசாலை மரதனில் ஓடிய 16 வயது மாணவன் ஒருவன் உயிரிழந்தான். கடும் வெயில் காலம் அது. இப்படியான மரணங்களில் வைத்தியர்கள் முதலில் தேடுவது இருதயக் கோளாறையும் வெப்பத் தாக்கத்தையும்தான். மூச்சை அளந்து இவற்றையெல்லாம் தடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். ஆனால் ஓட்டத்தைப் பாதியில் விட்டு, "எனக்கு ஏலாது" என்று வேலியோரம் குந்திவிடுகிற பிள்ளைகள் ஒவ்வொரு பாடசாலையிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பஞ்சி என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். மூச்சின் கணக்கு உதவப்போவது அவர்களுக்குத்தான்.

சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையினர் 1, 4, 7, 10ஆம் தரங்களில் வந்து உயரம், நிறை, கண், பல், இருதயம் எல்லாம் பார்க்கிறார்கள். நல்ல ஏற்பாடு. இருந்தாலும் அதுவும் நிற்கிற பிள்ளையைப் பார்க்கிற பரிசோதனையே.

ஓடும்போது தசைக்கு ஒட்சிசன் போகவேண்டும், தசையில் உண்டாகிற காபனீரொட்சைட்டு வெளியே வரவேண்டும். மூச்சு வாங்குவது ஒட்சிசன் போதாததால் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். சுகதேகியான பிள்ளையில் அப்படியல்ல. குருதியில் ஒட்சிசன் போதியளவு இருக்கும்; காபனீரொட்சைட்டு எவ்வளவு உண்டாகிறதோ அதற்கு ஏற்பவே மூச்சு கூடும். ஆகவே பிள்ளை எவ்வளவு வேகமாக மூச்சு விடுகிறது என்பதை மட்டும் பார்த்துப் பயனில்லை. ஒரு லீற்றர் காபனீரொட்சைட்டை வெளியேற்ற எத்தனை லீற்றர் காற்றை உள்ளிழுத்து வெளிவிடவேண்டியிருக்கிறது என்று கேட்கவேண்டும். சுவாசத் திறன் என்று வைத்தியர்கள் முக்கியமாகப் பார்ப்பது இந்த விகிதத்தை.

இதை அளக்க ஒரே இடத்தில் நிற்கிற சைக்கிளில் பிள்ளையை ஏற்றுவார்கள். மூக்கையும் வாயையும் மூடிய முகமூடி, நெஞ்சில் ஈசிஜி வயர், விரலில் ஒட்சிசன் மானி. முதலில் சும்மா இருக்கவேண்டும், பிறகு பாரமில்லாமல் மிதிக்கவேண்டும், அதன்பின் நிமிடத்துக்கு நிமிடம் மிதி கடினமாகும். 8 முதல் 12 நிமிடத்துக்குள் பிள்ளை களைத்து நிற்கும்படி சுமையைத் திட்டமிடுவார்கள். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போன ஒட்சிசனும் வெளியே வந்த காபனீரொட்சைட்டும் திரையில் கோடாக ஏறும். நிமிடத்துக்கு 36 லீற்றர் காற்று போய்வந்து, அதில் 1.2 லீற்றர் காபனீரொட்சைட்டு வெளியேறினால் விகிதம் 30.

சுகமான வளர்ந்தவருக்கு இந்த எண் ஏறக்குறைய 25 முதல் 30 வரை இருக்கும். சிறுபிள்ளைக்கு இதைவிடக் கூட இருப்பதே இயல்பு. வளர வளரக் குறைந்துகொண்டு வரும். இருதயம் பலவீனமான வளர்ந்தவரில் 34ஐத் தாண்டினால் வைத்தியர் கவலைப்படுவார். ஒன்பது வயதுப் பிள்ளையில் அதே எண்ணைக் கண்டு யாரும் பதறவேண்டியதில்லை. வளர்ந்தவர்களின் அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளையை எடைபோடுவது இந்தத் துறையில் இலகுவாக நடக்கக்கூடிய பிழை.

பிள்ளைக்கு ஏன் கூடுதலாகக் காற்று வேண்டும்? ஒரு காரணம், பிள்ளையின் மூளை குருதியில் காபனீரொட்சைட்டைச் சற்றுக் குறைந்த மட்டத்திலேயே வைத்திருக்கப் பார்க்கிறது. மற்றது, பிள்ளை சின்னச் சின்ன மூச்சாக, அடிக்கடி விடுகிறது. மூக்கிலிருந்து நுரையீரலின் சிற்றறை வரையான குழாயில் நிற்கிற காற்று எந்த வேலையும் செய்யாமல் திரும்பி வந்துவிடும். துலா மிதித்து இறைக்கிற காலத்தில் ஒவ்வொரு பட்டைத் தண்ணீரிலும் ஒரு பங்கு வாய்க்காலிலேயே சுவறிப்போகுமே, அதைப்போல. 30 கிலோ பிள்ளைக்கு இந்த வீண் காற்று மூச்சுக்குச் சுமார் 60 மில்லிலீற்றர். நிமிடத்துக்கு 60 தடவை, தடவைக்கு 300 மில்லிலீற்றர் என்று மூச்சு விட்டால் மொத்தம் 18 லீற்றர், அதில் 3.6 லீற்றர் வீண். அதே 18 லீற்றரை 30 தடவையில், தடவைக்கு 600 மில்லிலீற்றராக எடுத்தால் வீணாவது 1.8 லீற்றர்தான். பயிற்றுநர்கள் "ஆழமாய் மூச்செடு" என்று கத்துவதில் ஓரளவு கணக்கு இருக்கிறது.

விகிதம் வயதுக்கு ஒவ்வாமல் உயர்ந்திருந்தால் வைத்தியருக்கு அது முக்கியமான தடயம். இருதயக் குறையுடன் பிறந்து சத்திரசிகிச்சை செய்துகொண்ட பிள்ளைகளில் நுரையீரலின் இரு பக்கங்களுக்கும் குருதி சமமாகப் போகாமல் இருக்கலாம். காற்று போகிற இடத்துக்குக் குருதி வராவிட்டால் அந்தக் காற்றும் வீண். சத்திரசிகிச்சைக்குப் பிறகு பிள்ளை எவ்வளவு தேறியிருக்கிறது என்பதை மருந்துக் கொப்பியைவிடச் சைக்கிள் தெளிவாகச் சொல்லிவிடும்.

இதில் ஒரு சிக்கல், பிள்ளைகள் முடிந்தமட்டும் மிதிக்கமாட்டார்கள். சலித்ததும் இறங்கிவிடுவார்கள். ஜப்பானில் ரெய்சோ பாபாவும் கூட்டாளிகளும் 1996இல் முன்வைத்த வழி இதற்குத்தான். முயற்சி கூடக் கூட, மேலதிகமாக ஒரு பங்கு ஒட்சிசனைப் பெற முன்னையதைவிடக் கூடுதலான காற்று தேவைப்படும்; காற்றுக்கு எதிரே ஒட்சிசனை வரைந்தால் கோடு வளைந்துபோகும். காற்றின் அளவை மடக்கையாக மாற்றிப் போட்டால் அந்த வளைவு ஏறக்குறைய நேர்கோடாகிவிடுகிறது. கோடு எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறதோ அவ்வளவு திறன். உயர்தரத்தில் கணிதம் படிக்கிற பிள்ளைக்கு இது புரியும். பிள்ளை பாதியில் இறங்கினாலும் கோட்டின் சாய்வு கிடைத்துவிடும் என்பதே இதன் அருமை. உடல் பெரிதானால் இந்த எண்ணும் பெரிதாகும் என்பதால், நிறையையும் உயரத்தையும் பார்க்காமல் இரண்டு பிள்ளைகளை ஒப்பிடக்கூடாது.

சைக்கிளும் முகமூடியும் சேர்ந்த இந்தக் கருவி எல்லா வைத்தியசாலையிலும் இருக்கிற பொருளல்ல. பாடசாலை மைதானத்தில் செய்யக்கூடியது, கனடாவின் லூக் லெஜே 1982இல் வெளியிட்ட 20 மீற்றர் ஓட்டம். இரண்டு கோடுகளுக்கிடையில் "பீப்" ஒலிக்கு ஏற்ப ஓடித் திரும்பவேண்டும். இப்போது பரவலாக வழங்கும் வடிவில் மணிக்கு 8.5 கிலோமீற்றர் வேகத்தில் தொடங்கி, நிமிடத்துக்கு 0.5 கூடும். ஒலிப்பதிவு, அளவு நாடா, நான்கு அடையாளக் கூம்பு போதும். இது மூச்சை அளக்காது, உடல் எவ்வளவு ஒட்சிசனைப் பயன்படுத்தும் என்பதை ஊகிக்க உதவும். இருந்தாலும் தவணைக்கு ஒருமுறை செய்தால், முன்பு ஓடிய தூரம் இப்போது ஓட ஏலாமற்போன பிள்ளை கண்ணில் படும்.

யாழ்ப்பாணம் தடகளத்தில் பெயர் எடுத்தது பெரும்பாலும் பாய்ச்சலில். யாழ். மத்திய கல்லூரியின் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் உயரம் பாய்ந்து தங்கம் வென்றார். தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரியின் அனித்தா ஜெகதீஸ்வரன் கோலூன்றிப் பாய்தலில் தேசிய சாதனை படைத்தார். பாய்ச்சல் சில விநாடி வேலை. மூச்சின் திறன் அங்கே பெரிதாகக் கேட்கப்படுவதில்லை. நெடுந்தூர ஓட்டத்தை வருடத்துக்கு ஒருநாள் சடங்காக வைத்திருக்கிறோம் என்பது என் எண்ணம்.

களைத்து நிற்கிற பிள்ளை எல்லாம் ஒரே மாதிரியல்ல. பயிற்சியில்லாத பிள்ளைக்கு ஓடும்போது மூச்சு வாங்கும், நின்றால் சில நிமிடத்தில் அடங்கும். உடற்பயிற்சியால் வருகிற தொய்வு பெரும்பாலும் நின்ற பிறகுதான் கூடும். 5 முதல் 15 நிமிடத்துக்குள் இருமலும், மூச்சை வெளியே விடும்போது விசில் சத்தமும் வரும். குரல்வளை ஒடுங்குகிற இன்னொரு நிலை உண்டு. பதின்ம வயதுப் பெண்பிள்ளைகளில் அதிகம் காணப்படுவது. உச்ச ஓட்டத்தில் மூச்சை உள்ளே இழுக்கும்போது சத்தம் வரும், தொண்டை இறுகும், நின்றதும் விட்டுவிடும். தொய்வென்று நினைத்துக் கொடுக்கிற இன்ஹேலர் இதற்குக் கேட்காது. குருதிச்சோகை உள்ள பிள்ளைக்கோ நுரையீரலில் ஒரு குறையும் இராது. ஒட்சிசனைச் சுமக்கிற ஈமோகுளோபின்தான் போதாது.

ஓடும்போதே மயங்கி விழுந்த பிள்ளையும், நெஞ்சு நோகுது என்று நின்ற பிள்ளையும் இந்தப் பட்டியலில் இல்லை. அவர்களை இருதய வைத்தியர் பார்க்கும்வரை ஓடவிடக்கூடாது.

தொய்வுச் சந்தேகத்துக்குப் பிளாஸ்ரிக் பீக் ஃப்ளோ மீற்றர் ஒன்று போதும். ஓட முன் மூன்றுமுறை ஊதி, கூடிய எண்ணைக் குறிக்கவேண்டும். ஆறு, எட்டு நிமிடம் நன்றாக ஓடவிட்டு, நின்றபின் 5, 10, 15ஆம் நிமிடங்களில் திரும்பவும் ஊதவேண்டும். 15 வீதத்துக்கு மேல் இறங்கினால் வைத்தியரிடம் போகவேண்டும். முன்னரே தொய்வு உள்ள பிள்ளையென்றால் நிவாரண இன்ஹேலரும் பொறுப்பான ஆளும் பக்கத்தில் இல்லாமல் இதைச் செய்யக்கூடாது. கிளினிக்குக்குக் கொண்டுபோகும்போது நெஞ்சு தெளிந்துவிடும் என்பதால், மூச்சு முட்டுகிற நேரத்திலேயே தொலைபேசியில் அரை நிமிடம் வீடியோ எடுத்து வைத்திருப்பது நல்லது. முகமும் கழுத்தும் தெரியவேண்டும், சத்தமும் பதிவாகவேண்டும்.