கூரைக்கு மேலே ஒரு மண் மெத்தை

சுவிற்சர்லாந்தின் மலைப்பாதையில் காரில் போயிருக்கிறீர்களா? சில இடங்களில் றோட்டுக்கு மேலே ஒரு கூரை வரும். மலைப்பக்கம் சுவர் இருக்கும். பள்ளத்தாக்குப் பக்கம் தூண்கள் நிற்கும். இது சுரங்கம் அல்ல. இதைக் 'கலரி' என்பார்கள். மலையிலிருந்து விழும் கற்களிடமிருந்து எங்களைக் காப்பது இதன் வேலை.

ஒருநாள் காவியா அப்பாவுடன் காரில் போனாள். மேலே உள்ள வளைவிலிருந்து ஒரு கலரியைப் பார்த்தாள்.

"அப்பா, அங்க பாருங்கோ! கூரைக்கு மேல மண்ணும் புல்லுமா இருக்கு. ஏன் ஒருத்தரும் அதை அள்ளேல்லை?"

"அது தானா வந்த மண் இல்லை, பிள்ளை. வேணுமெண்டுதான் போட்டிருக்கினம். அந்த மண்தான் கூரையைக் காப்பாத்துது."

மண் எப்படிக் கொங்கிறீற்றைக் காப்பாற்றும்?

மலையில் கல் விழுவது சின்ன விடயம் அல்ல. 2006 மே 31 அன்று, ஊரி மாநிலத்தில் குர்ட்னெல்லன் என்ற ஊருக்கு அருகே, கொட்டார்ட் நெடுஞ்சாலையில் பெரிய பாறைகள் விழுந்தன. காரில் சென்ற இருவர் இறந்தார்கள். சாலை ஏறக்குறைய ஒரு மாதம் மூடப்பட்டிருந்தது.

நீளம், அகலம், உயரம் எல்லாம் 1 மீற்றர் உள்ள கருங்கல் 2,500 கிலோவுக்கு மேல் நிறை உடையது. அது 45 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்தால், மணிக்கு 100 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் வந்து மோதும்.

கொங்கிறீற் கடினமானது. அதில் மோதும் கல் கண் இமைக்கும் முன்பே நின்றுவிடும். அதனால் விசை மிகப் பெரிதாகும்; அது ஒரே இடத்தில் தாக்கும். கூரை வெடிக்கலாம்.

கிறிக்கெட் பந்தை எப்படிப் பிடிப்பீர்கள்? கையைப் பின்னால் இழுத்துத்தானே? பந்து மெதுவாக நிற்கும், கை நோகாது. மண்ணும் சரளைக் கற்களும் இதையே செய்கின்றன. விழுந்த கல் அவற்றுக்குள் புதையும். அது நிற்கக் கொஞ்சம் கூட நேரம் எடுக்கும். விசை குறையும், அகலமாகப் பரவியும் விடும்.

"அப்ப நிறைய மண் போடலாமே?" என்று கேட்டாள் காவியா.

"போடேலாது. மண்ணின்ர பாரத்தையும் கூரைதானே எந்த நேரமும் தாங்கோணும்?"

அதனால் பொறியியலாளர்கள் அளவு பார்த்தே மண் போடுவார்கள். ஜப்பானில் சில கலரிகளில் மணலுடன், பாரம் குறைந்த நுரைப் பலகைகளையும் சேர்த்துப் போடுகிறார்கள்.

கற்கள் பல தடவை விழுந்தால் மண் இறுகிவிடும். இறுகிய மண் மெத்தை ஆகாது. ஆகவே விழுந்த கற்களை அகற்றி, மண்ணைத் திரும்பவும் இளக்க வேண்டும். அந்த வேலையைச் செய்பவர்களை நாங்கள் காண்பதில்லை. ஆனால், அவர்களால்தான் கீழே பயமின்றிப் போகிறோம்.

செய்து பாருங்கள் (பெரியவர் ஒருவருடன்)
இரண்டு முட்டைகளை மெல்லிய பைகளில் கட்டுங்கள். ஒரு முழ உயரத்திலிருந்து ஒன்றை வெறும் தட்டிலும், மற்றதை ஆழமான மாப் பாத்திரத்திலும் விடுங்கள். எது உடைந்தது? ஏன்?

சொற்பொருள்
விசை – தள்ளும் அல்லது இழுக்கும் வலு
சரளை – சிறு கற்கள்
இறுகுதல் – கெட்டியாதல்