முதல் வாரமே டாக்டரிடம் பெயர் கொடுங்கள்!

பிள்ளை மேல்படிப்புக்கு லண்டனுக்கோ மான்செஸ்டருக்கோ கிளம்புகிறது என்றால் வீடே அமர்க்களப்படும். பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், குட்டி குக்கர், ஸ்வெட்டர்... பெட்டியைத் திரும்பத் திரும்ப எடை போட்டுப் பார்ப்பார்கள். ஆனால், ‘சின்ன வயசுல போட்ட தடுப்பூசி அட்டை எங்கே?’ என்று கேட்டுப் பாருங்கள். அம்மா அப்பாவைப் பார்ப்பார், அப்பா அம்மாவைப் பார்ப்பார்!

பிரிட்டனில் பெரும்பாலும் செப்டம்பர் கடைசியில் கல்வி ஆண்டு தொடங்குகிறது. வகுப்புகளுக்கு முன்னால் புது மாணவர்களுக்கென்று ஒரு வாரம் ஒதுக்குகிறார்கள். ‘ஃப்ரெஷர்ஸ் வீக்’ என்று பெயர். அடையாள அட்டை, நூலகத்தைச் சுற்றிக் காட்டுவது, மாணவர் சங்க ஸ்டால்கள், ஓசி பீட்ஸா என்று நாட்கள் பறந்துவிடும். இந்த அமளியில் பலரும் கோட்டை விடுகிற காரியம் ஒன்று உண்டு. டாக்டரிடம் பெயரைப் பதிவு செய்துகொள்வதுதான் அது.

யார் இந்த ஜி.பி.?

நம் ஊரில் காய்ச்சல் வந்தால் தெருமுனை கிளினிக்கில் டோக்கன் வாங்கி உட்கார்ந்துவிடலாம். காது வலித்தால் நேரே ஈ.என்.டி. டாக்டர். அங்கே அப்படி இல்லை. ‘ஜி.பி.’ எனப்படும் பொது மருத்துவரிடம் முதலில் பதிவு செய்திருக்க வேண்டும். ஸ்பெஷலிஸ்டிடம் போவதும் பெரும்பாலும் அவர் எழுதிக் கொடுத்தால்தான். 103 டிகிரி காய்ச்சலோடு படுத்துக்கொண்டு பதிவுப் படிவத்தைத் தேடுவது கொடுமை. நன்றாக இருக்கும்போதே ஹாஸ்டலுக்குப் பக்கத்து ஜி.பி.யிடம் பதிந்துவிடுங்கள்.

செலவை நினைத்துப் பயப்பட வேண்டாம். பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட படிப்பு என்றால், விசாவோடு சேர்த்தே மருத்துவக் கட்டணம் கட்டியிருப்பீர்கள். 2024 பிப்ரவரியில் மாணவர்களுக்கு இது வருஷத்துக்கு 776 பவுண்டாக உயர்ந்தது. இவ்வளவு கட்டிவிட்டுப் பயன்படுத்தாமல் இருக்கலாமா? இங்கிலாந்தில் மருந்துச் சீட்டு, பல் வைத்தியம், கண்ணாடி ஆகியவற்றுக்கு மட்டும் தனியே செலவு வரும்.

ஊசி போட்டாச்சா?

புதுப் புது ஆட்கள் ஒரே கட்டடத்தில் நெருங்கி வசிப்பதால் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். பதிவு செய்யும்போதே இரண்டு ஊசிகளைப் பற்றிக் கேளுங்கள். ஒன்று, தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்குமான எம்.எம்.ஆர். இது இரண்டு தவணை போட்டிருக்க வேண்டும். மற்றொன்று, மூளை உறையைத் தாக்கும் மெனிஞ்சைட்டிஸுக்கான ‘மென் ஏ.சி.டபிள்யூ.ஒய்.’. இதுவரை போடாத, 25 வயது நிறையாத புது மாணவர்களுக்கு இது அங்கே இலவசம்.

இந்த ஊசி ‘பி’ வகை மெனிஞ்சைட்டிஸைத் தடுக்காது. எனவே அறிகுறிகளைத் தெரிந்து வைத்திருப்பது அவசியம்.

வெறும் ஜலதோஷமா, ஆபத்தா?

முதல் சில வாரங்களில் தொண்டை வலி, இருமல், உடம்பு வலி வராதவர்கள் குறைவு. இதற்கு ‘ஃப்ரெஷர்ஸ் ஃப்ளூ’ என்று செல்லப் பெயரே உண்டு! ஓய்வு, வெந்நீர், கஞ்சி, அளவோடு பாராசிட்டமால் போதும். மருந்துக்கடை பார்மசிஸ்டே யோசனை சொல்வார்.

ஆனால் கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, வாந்தி, வெளிச்சம் கண்டால் கூச்சம், குழப்பமான பேச்சு, கை கால் சில்லிட்டுப் போவது... இவற்றில் ஏதாவது காய்ச்சலோடு சேர்ந்தால் ‘காலையில பார்த்துக்கலாம்’ என்று தூங்கப் போகாதீர்கள். உடனே 999க்குப் போன் செய்யுங்கள். உடம்பில் புள்ளிகள் வரட்டும் என்று காத்திருக்கவும் கூடாது. நம் நிறத்தில் அவை சட்டென்று தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், கண் இமையின் உட்புறம் பார்க்க வேண்டும். அவசரமில்லாத சந்தேகங்களுக்கு 111.

ராத்திரி ஒரு மணிக்கு விழிப்பு

செப்டம்பரில் நமக்கும் அவர்களுக்கும் நாலரை மணி நேர வித்தியாசம். அங்கே மாலை ஐந்தரை ஆனால் உங்கள் உடம்புக்கு இரவு பத்து! சாயங்காலமே கண் சொக்கும். நள்ளிரவு ஒரு மணிக்குக் கொட்டக் கொட்ட விழித்திருப்பீர்கள். மாலையில் வெளிச்சம் இருக்கும்போது வெளியே நடந்துவிட்டு வாருங்கள். பகல் தூக்கம் வேண்டாம். நாலைந்து நாளில் உடம்பு வழிக்கு வந்துவிடும்.

இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்ளலாம் என்பது அந்நாட்டு அரசின் பொதுவான அறிவுரை. கறுத்த தோலுள்ளவர்களுக்கு வருஷம் முழுவதுமே.

மனசு வலித்தால்?

வீட்டு ஞாபகம் வருவது பலவீனம் இல்லை. ஆனால் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு, சாப்பாட்டைத் தவிர்த்து, தூக்கம் கெட்டு வாரக்கணக்கில் கிடந்தால் அதையும் ஜி.பி.யிடம் சொல்லலாம். பல்கலைக்கழகத்தில் கவுன்சலிங் வசதியும் உண்டு. ‘டாக்டரிடம் சொன்னால் காலேஜுக்குத் தெரிந்துவிடுமோ?’ என்று தயங்காதீர்கள். உயிருக்கு ஆபத்து போன்ற அபூர்வமான நிலைமை தவிர, உங்கள் அனுமதியில்லாமல் டாக்டர் வெளியே சொல்லமாட்டார்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை: போனில் ‘சாப்பிட்டியா கண்ணு?’ என்று கேட்கிறீர்கள் அல்லவா? முதல் வாரம் கூடவே இன்னொன்றும் கேளுங்கள்... ‘டாக்டர்கிட்ட பேர் கொடுத்துட்டியா?’