இன்ஜின் மாத்தின அம்பாசிடர் கொதிக்குதா? ரேடியேட்டர் வாங்கப் போறதுக்கு முன்னாடி இதைக் கவனிங்க!

முகூர்த்த நாளில் காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் கார் ஓட்டிப் பார்த்திருக்கிறீர்களா? பட்டுப்புடவை எடுக்க வந்த வேன்கள் ஒரு பக்கம், கோயிலுக்குப் போகும் டூரிஸ்ட் பஸ்கள் இன்னொரு பக்கம். நடுவில் முதல் கியரைத் தாண்டவே முடியாது. அந்த நெரிசலில் முன்பக்கம் முழுக்கப் பூ ஜோடித்த ஒரு பழைய அம்பாசிடர், பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு புகைந்தபடி ஓரம் கட்டி நின்றால், உள்ளே மாப்பிள்ளைக்கு மட்டும் வியர்க்காது. அந்த வண்டியைக் கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டுப் பிழைப்பவருக்கும் அன்றைய வருமானம் போச்சு. கொதிக்கக் கொதிக்க ஓட்டினால் ஹெட் வளைந்து, செலவு பல மடங்காகும்.

இப்படி நிற்கும் பழைய கார்களில் பலவற்றுக்கு ஒரு பொதுவான சரித்திரம் உண்டு. ‘இன்ஜின் மாத்தினதுல இருந்துதான் இந்தத் தொல்லை.’

தமிழ்நாட்டில் இன்ஜின் மாற்றுவது புது விஷயமே இல்லை. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3-ஐ அடிப்படையாக வைத்து வந்த அம்பாசிடரில் வெகுகாலம் இருந்தது 1,489 சிசி பெட்ரோல் இன்ஜின். பெட்ரோல் செலவு தாங்காமல் அதை இறக்கிவிட்டு டீசல் இன்ஜின் ஏற்றியவர்கள் ஏராளம். மெட்டடோர் வேன் இன்ஜினைக்கூட ஏற்றினார்கள். ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனமே 1990-களில் அதே உடம்புக்குள் 1,817 சிசி இசுசு பெட்ரோல் இன்ஜினையும், பிறகு 1,995 சிசி இசுசு டீசலையும் வைத்து விற்றது. 2014-ல் உத்தரபாரா ஆலையில் தயாரிப்பு நின்ற பிறகு, ஆசைக்காக வைத்திருப்பவர்களுக்குக் காயலாங்கடை இன்ஜின்தான் கதி.

கம்பெனி இன்ஜினை மாற்றும்போது ரேடியேட்டர், ஃபேன், பம்ப், பெல்ட் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடும். பட்டறையில் அப்படி நடப்பது அபூர்வம். இன்ஜின் உட்கார்ந்துவிட்டதா, கியர் விழுகிறதா, ஸ்டார்ட் ஆகிறதா... அதோடு வேலை முடிந்துவிடும். காஞ்சிப் பட்டில் உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் நெய்து இணைக்கிற கோர்வை வேலை மாதிரிதான் இதுவும். பட்டு நல்ல பட்டாகவே இருந்தாலும் கோர்வை சரியில்லை என்றால் அந்த இடத்தில்தான் புடவை விட்டுக்கொடுக்கும். இன்ஜின் மாற்றிய காரில் அந்தக் கோர்வை, கூலிங் சிஸ்டம்.

எரிபொருள் தரும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு சைலன்ஸர் வழியாகப் போய்விடும். மிச்சமிருக்கும் ஒரு பங்கைத் தண்ணீர் சுமந்துகொண்டு போய் ரேடியேட்டரில் கொட்ட வேண்டும். 50 குதிரைத்திறன் இன்ஜினுக்கு அளவெடுத்த ரேடியேட்டர் முன்னால் 75 குதிரைத்திறன் இன்ஜினை வைத்தால், முழு வேகத்தில் போகும்போது அது மூச்சுத் திணறும். ஆனால், ‘அப்போ பெரிய ரேடியேட்டர் போட்டா முடிஞ்சுது’ என்று உடனே கடைக்குக் கிளம்பிடாதீங்க. பல வண்டிகளில் குற்றவாளி ரேடியேட்டர் இல்லை.

முதல்ல, நிஜமாவே சூடாகுதா?

சிரிக்காதீங்க, இது முக்கியமான கேள்வி. டாஷ்போர்டில் இருப்பது பழைய காரின் மீட்டர். இன்ஜினில் இருப்பது புது இன்ஜினின் சென்சார். இரண்டும் ஒரே பாஷை பேச வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 85 டிகிரியிலேயே முள் சிவப்பைத் தொடலாம். இன்னொரு வண்டியில் 110 ஆன பிறகும் நடுவில் தூங்கலாம், அதுதான் ஆபத்து. இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவே இருக்க வேண்டிய எர்த் வயரைத் திரும்ப மாட்ட மறந்திருந்தாலும் மீட்டர் பொய் சொல்லும். ஹெட்லைட் போட்டவுடன் முள் நகர்ந்தால் சந்தேகமே வேண்டாம், வயரிங்தான்.

காய்ச்சல் பார்க்கிற மாதிரியே தள்ளி நின்று அளக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருக்கிறது. மனித உடம்புக்கானது இல்லை, பட்டறைக்கானதாக வாங்குங்கள். தெர்மோஸ்டாட் இருக்கும் இடத்தில் காட்டிப் பாருங்கள். 85-லிருந்து 95-க்குள் நின்றால் இன்ஜின் நலம்.

ஒரு எச்சரிக்கை. கொதிக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தத்தில் அடங்கியிருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியிருக்கும். திறந்த நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். துணி சுற்றிக்கொண்டு திறக்கும் வீரமும் வேண்டாம். மேல் ஹோஸைத் தொட முடிகிற அளவுக்கு ஆறட்டும்.

எப்போ சூடாகுது?

மெக்கானிக்கிடம் போகும்போது ‘வண்டி ஹீட் ஆகுது’ என்று மட்டும் சொன்னால், அவர் தனக்குத் தெரிந்த முதல் பொருளை மாற்றுவார். வாட்டர் பம்ப், ரேடியேட்டர், ஹெட் கேஸ்கெட் என்று ஒவ்வொன்றாகப் பணம் கரையும். எப்போது சூடாகிறது என்று சேர்த்துச் சொல்லுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

காந்தி ரோட்டு நெரிசலில் ஏறுகிறது, வெள்ளை கேட் தாண்டி ஹைவேயில் 60, 70-ல் போனால் தானாக இறங்குகிறது. உங்கள் வண்டி இப்படி என்றால் ரேடியேட்டரின் மேல் பழி போடாதீர்கள். வேகத்தில் காற்று தானாக வருகிறது, நின்றால் ஃபேன்தான் இழுக்க வேண்டும். அந்த ஃபேன் தன் வேலையைச் செய்யவில்லை. இன்ஜின் மாற்றிய வண்டிகளில் அதிகம் சறுக்குவது இங்கேதான் என்பது என் கணிப்பு. எனவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

புது இன்ஜின் பழையதைவிடக் குட்டையாக இருந்தால், அதில் மாட்டிய ஃபேன் ரேடியேட்டரிலிருந்து ஒரு ஜாண் தள்ளிப் போய்விடும். அல்லது மேலேயோ பக்கவாட்டிலோ விலகிவிடும். ஃபேனைச் சுற்றி ஒரு கவர் இருக்கும். இடம் பத்தவில்லை என்று பட்டறையில் முதலில் கழற்றி வீசுவது அதைத்தான். கவர் இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியாகக் காற்றை இழுக்காது, பக்கத்திலிருக்கும் சூடான காற்றையே திரும்பத் திரும்பக் கடையும். ஃபேன் இறக்கை ஏறத்தாழ பாதி கவருக்குள்ளும் பாதி வெளியிலும் இருப்பது நல்ல நிலை. இடமே இல்லை என்று எலெக்ட்ரிக் ஃபேன் போட்டிருந்தால், அது சரியான திசையில் சுற்றுகிறதா என்று பாருங்கள். வயரை மாற்றிக் கொடுத்தால் ஃபேன் தலைகீழாகச் சுற்றும். நிற்கும்போதும் சூடாகும், ஓடும்போது எதிர்க்காற்றோடு சண்டை போட்டு இன்னும் சூடாகும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். வண்டியை ஐடிலில் விட்டு, எலெக்ட்ரிக் ஃபேன் என்றால் அது ஓடும்போது, ரேடியேட்டரின் முன்பக்கம் ஒரு தாளை வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டு நின்றால் சரி. நழுவி விழுந்தால், அல்லது தள்ளப்பட்டுப் பறந்தால் நோய் பிடிபட்டுவிட்டது. ஏசி போட்ட வண்டியில் கண்டென்ஸரின் சூடும் சேரும் என்பதால் ஏசியைப் போட்டும் போடாமலும் பாருங்கள். ஆமாம், கல்யாண வண்டிக்காரர்களுக்கு ஒன்று... கிரில்லை மறைத்துப் பூ ஜோடிக்காதீங்க. பானெட்டுக்கு மேலே எவ்வளவு வேண்டுமானாலும் போடுங்கள், காற்று போகும் வாயை அடைக்க வேண்டாம்.

இதற்கு நேர் எதிரான கதை: ஊருக்குள் சமர்த்தாக இருக்கிறது, சென்னை ஹைவேயில் 80-ஐத் தொட்டால் முள் ஏறுகிறது. காற்றுக்குப் பஞ்சம் இல்லை, தண்ணீர் ஓட்டம்தான் போதவில்லை. அல்லது ரேடியேட்டர் உண்மையிலேயே சின்னது. முதலில் கீழ் ஹோஸைப் பாருங்கள். பம்ப் தண்ணீரை உறிஞ்சுவது இதன் வழியாகத்தான். அளவு பொருந்தவில்லை என்று ஏதோ ஒரு மெல்லிய ரப்பர் ஹோஸை வளைத்து மாட்டியிருந்தால், வேகத்தில் அது உறிஞ்சிய ஸ்ட்ரா மாதிரி ஒட்டிக்கொள்ளும். நிறுத்திப் பார்த்தால் மறுபடி உப்பி ‘நான் ஒண்ணும் பண்ணலை’ என்று நிற்கும். பானெட்டைத் திறந்து வைத்து, ஒருவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்க இன்னொருவர் பார்த்தால் மாட்டிக்கொள்ளும். அடுத்து பெல்ட். இடத்துக்காக பெல்ட் போகும் வழியை மாற்றியிருந்தால் வாட்டர் பம்ப் தலைகீழாகச் சுற்ற வாய்ப்பு இருக்கிறது. அப்போதும் கொஞ்சம் தண்ணீர் ஓடத்தான் செய்யும், ஆனால் பத்தாது.

தெர்மாமீட்டர் கையில் இருந்தால் மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் அளந்து பாருங்கள். தெர்மோஸ்டாட் திறந்த பிறகு இரண்டுக்கும் 5 முதல் 10 டிகிரி வித்தியாசம் வருவது சகஜம். மேலே கொதிக்க, கீழே வெதுவெதுப்பாக இருந்தால் தண்ணீர் நகரவில்லை. இரண்டுமே கொதித்தால், தண்ணீர் வருகிறது, சூடு வெளியே போகவில்லை. மறுபடி காற்றுப் பக்கம் போங்கள்.

திருத்தணி, திருப்பதி மலைப்பாதையில் மட்டும் சூடானால் இரண்டுமே சேர்ந்த கேஸ். வேகம் குறைவு, சுமை அதிகம். அங்கே டைமிங்கையும் பார்க்கச் சொல்லுங்கள். பெட்ரோலில் இக்னிஷன் டைமிங் தாமதமாக இருந்தால் சூடு வெளியேறும் வழியில் தேங்கி, அதையும் தண்ணீரே சுமக்கும்.

ஸ்டார்ட் பண்ணின அஞ்சே நிமிஷத்துல...

காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினால், மூடி திறந்த ரேடியேட்டரில் விடாமல் குமிழி வந்தால், ஹெட் கேஸ்கெட் வழியாகப் புகை தண்ணீருக்குள் நுழைகிறது. ஆயில் டிப்ஸ்டிக்கில் ஃபில்டர் காபி நிறத்தில் ஏதாவது தெரிந்தால் வண்டியை ஓட்டவே வேண்டாம். காயலாங்கடையிலிருந்து வரும் இன்ஜின், ஏன் அங்கே போனது என்பது யாருக்கும் தெரியாது. கொதித்துத்தான் போயிருக்கலாம். உள்ளே ஏற்றும் முன்பே ஹெட்டைக் கழற்றி மட்டம் பார்ப்பது, ஏற்றிய பிறகு பார்ப்பதைவிட எவ்வளவோ மலிவு.

ஆனால் குமிழி வந்ததும் கேஸ்கெட் என்று முடிவு கட்டவும் கூடாது. உள்ளே சிக்கிய காற்றாகவும் இருக்கலாம். அம்பாசிடரில் புது இன்ஜின் கொஞ்சம் உயரமாக உட்கார்ந்தால் அதன் தலை ரேடியேட்டர் மூடியைவிட மேலே போய்விடும். காற்று எப்போதும் உயரமான இடத்தில் தங்கும், அங்கே தண்ணீர் தொடாமல் ஹெட் வேகும். வண்டியின் முன்பக்கத்தை உயர்த்தி நிறுத்தி, மெதுவாக நிரப்பி, காற்றை வெளியேற்றிப் பாருங்கள். குமிழி கொஞ்ச நேரத்தில் நின்றுவிட்டால் ஏர் லாக். அதற்கு நிரந்தர வழி, இன்ஜினைவிட உயரத்தில் தனியாக ஒரு டேங்க் வைத்து அங்கே மூடியைப் போடுவது.

அந்த மூடிக்கும் ஒரு கணக்கு உண்டு. 7 பி.எஸ்.ஐ மூடியில் தண்ணீர் சுமார் 111 டிகிரியில்தான் கொதிக்கும், 15 பி.எஸ்.ஐ மூடியில் சுமார் 120. புது இன்ஜின் கேட்பது பெரிய மூடி, பழைய ரேடியேட்டர் தாங்குவது சின்ன மூடி. சும்மா பெரியதை மாட்டினால் பழைய பித்தளை ரேடியேட்டரின் சால்டரிங் விட்டுவிடும்.

தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போடலாமா?

‘நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு சார்?’ என்று கேட்காத பட்டறை குறைவு. வேண்டாம். பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடும். அதைக் கழற்றினால் பைபாஸ் திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றும். சூடு குறையும் என்று கழற்றியது சூட்டைக் கூட்டும். சந்தேகம் இருந்தால் அடுப்பில் தண்ணீர் வைத்து அதில் போட்டுப் பாருங்கள். மேலே 82 என்று அச்சடித்திருந்தால் அந்தச் சூட்டை ஒட்டித் திறக்க ஆரம்பிக்க வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் இன்னொன்று. போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். குடத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிற அதே உப்பு இன்ஜினுக்குள்ளும் படியும். மெல்லிய படிவம்கூடச் சூட்டைத் தண்ணீருக்குப் போகவிடாமல் தடுக்கும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். வருடக்கணக்கில் கிடந்த இன்ஜின் என்றால், பழைய ரேடியேட்டரோடு இணைக்கும் முன் தண்ணீர் அடித்து நன்றாகக் கழுவச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் துருச்சேறு எல்லாம் ரேடியேட்டர் குழாய்களில் வந்து அடைக்கும்.

எல்லாம் சரியாகி வண்டி குளிர்ந்துவிட்டாலும் ஆர்.சி புத்தகம் ஒன்று இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவின்படி, ஆர்.சி-யில் இருக்கும் விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. மாற்றங்களைக் கட்டுப்படுத்தும் இந்தப் பிரிவை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதியாகச் சொல்லியிருக்கிறது. எனவே இன்ஜின் வாங்கும் முன்பே, TN-21 வண்டி என்றால் காஞ்சிபுரம் ஆர்.டி.ஓ அலுவலகத்தில், எந்த இன்ஜினை அனுமதிப்பார்கள், அதற்கு என்ன பில் வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். காயலாங்கடையில் பில் கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பரவாயில்லை, கேளுங்கள். விபத்து நடந்து, இன்ஜின் நம்பரும் ஆர்.சி நம்பரும் ஒத்துப்போகவில்லை என்றால் இன்ஷூரன்ஸ் பணத்துக்கு அலைய வேண்டியது நீங்கள்தான்.

சரிசெய்த பிறகு சோதிக்க அரை நாள் ஒதுக்குங்கள். நடுப்பகலில் காந்தி ரோட்டில் இருபது நிமிடம் ஊர்ந்துவிட்டு, அங்கிருந்து ஹைவே ஏறி ஸ்ரீபெரும்புதூர் வரை ஓட்டி, திரும்ப ஊருக்குள் வந்து நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் பத்து நிமிடம் விடுங்கள். மூன்று இடத்திலும் எத்தனை டிகிரி என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தச் சீட்டை மெக்கானிக்கிடம் காட்டினால், அடுத்து எந்தப் பொருளை மாற்ற வேண்டும், எதை மாற்றத் தேவையில்லை என்று அவரால் சொல்ல முடியும்.