நீர்மூழ்கிக் கப்பலுக்கு மூக்கு மழுங்கியிருப்பது ஏன்?

கூர்மையான மூக்குள்ள கப்பல்தான் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வேகமாகப் போகும் என்பது பொதுவான எண்ணம். மேலே மிதக்கும் கப்பலுக்கு அது பொருந்தும். ஆனால் இன்றைய நீர்மூழ்கிக் கப்பலின் மூக்கோ, திமிங்கிலத்தின் தலைபோல உருண்டு மழுங்கியிருக்கிறது. காரணம் என்ன?

அலை தின்னும் சக்தி

நீர்மட்டத்தில் செல்லும் கப்பல் அலைகளை எழுப்புகிறது. வேகம் கூடக் கூட, எஞ்சினின் சக்தியில் பெரும் பங்கு அந்த அலைகளுக்கே போய்விடுகிறது. ஆழத்தில் இந்த நஷ்டம் இல்லை. கிணற்றில் குதித்த பையன் சுவரை உதைத்துக்கொண்டு நீருக்குள்ளேயே போனால் வழுக்கிக்கொண்டு போவான். தலை வெளியே வந்ததும் வேகம் குறைந்துவிடும் அல்லவா?

ஆழத்தில் முக்கியமான தடைகள் இரண்டு. ஒன்று, உடல் முழுவதும் நீர் உரசுவது. மற்றது, பின்பக்கத்தில் நீர் சுழித்துக் கப்பலைப் பின்னுக்கு இழுப்பது. முன்பக்கம் உருண்டு, வால்பக்கம் மெல்ல மெல்ல ஒடுங்கினால் சுழிப்பு குறையும். மீனின் உடலமைப்பும் இதுவே.

உயிர் குடித்த வடிவம்

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி ஏராளமாகக் கட்டிய 7-சி ரக நீர்மூழ்கி, உண்மையில் மூழ்கவும் தெரிந்த மேற்பரப்புக் கப்பல்தான். கூர்மூக்கு, மேல்தளத்தில் பீரங்கி. மேலே மணிக்கு 17 கடல் மைல் ஓடிய அது, மூழ்கினால் ஏழரைதான். அதற்குள் பாட்டரியும் தீர்ந்துவிடும். நீருக்குள் வேகத்தை இரட்டிப்பாக்க ஏறத்தாழ 8 மடங்கு சக்தி தேவை. பாட்டரிக்கு மின்சாரம் ஏற்ற மேலே வந்தால், ராடார் பொருத்திய விமானங்கள் காத்திருந்தன. ஜெர்மன் நீர்மூழ்கி மாலுமிகளில் ஏறத்தாழ நாலில் மூன்று பங்கினர் மாண்டனர்.

தொட்டியில் பிறந்த கப்பல்

போருக்குப் பின் அமெரிக்கக் கடற்படையின் டேவிட் டெய்லர் சோதனைக்கூடத்தில் 24 மாதிரி வடிவங்களை நீர்த்தொட்டியில் இழுத்துப் பார்த்தனர். அதன் பயனாக 1953-ல் பிறந்தது 'அல்பகோர்'. இது சூரை மீன் வகை ஒன்றின் பெயர். நீர்த்துளி வடிவம், வாலில் ஒரே சுழல்விசிறி, மேல்தளத்தில் பீரங்கி கிடையாது. பிற்காலத்தில் அது நீருக்குள் 33 கடல் மைல் வேகத்தை எட்டியது. இன்றைய நீர்மூழ்கிகள் பலவும் அதன் வழி வந்தவையே.

இரண்டு கல்வாரிகள்

நம் நாட்டிலேயே இதற்குச் சான்று உண்டு. சோவியத் நாட்டில் உருவாகி, 1967-ல் கடற்படையில் சேர்ந்த முதல் 'கல்வாரி' மேலே சுமார் 16 கடல் மைல், உள்ளே 15 கடல் மைல் வேகம் கொண்டது. மும்பை மசகான் கப்பல் தளத்தில் உருவாகி, 2017-ல் கடற்படையில் சேர்ந்த புதிய 'கல்வாரி'யோ மேலே சுமார் 11, உள்ளே 20!

துறைமுகத்தை விட்டு நீரை முட்டிக்கொண்டு மந்தமாகப் புறப்படும் அந்தக் கறுப்புக் கப்பலைப் பார்த்து யாரும் ஏமாந்துவிடக் கூடாது. அதன் ஓட்டம் மூழ்கிய பிறகுதான். மேலே வர வேண்டிய அவசியம் எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவுக்கு உள்ளே இருக்கும் மாலுமிகளின் உயிருக்கும் பாதுகாப்பு.